ஆரஞ்சு டிப் பட்டாம்பூச்சியைத் துரத்தாமல் படம் எடுப்பது எப்படி

ஏப்ரலில் சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், இங்கிலாந்தின் வேலியோரங்களில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்துவிடும், முன் இறக்கையின் நுனியை மட்டும் ஆரஞ்சுச் சாயத்தில் தோய்த்து எடுத்த மாதிரி. அதுதான் ஆரஞ்சு டிப். பனிக்காலம் முழுக்க ஏதோ ஒரு காய்ந்த தண்டில் கூட்டுப்புழுவாக ஒட்டிக் கிடந்துவிட்டு இப்போதுதான் வெளியே வருகிறது. வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஆங்காங்கே பார்க்கலாம் என்றாலும் படம் எடுக்க நல்ல நாட்கள் ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும்தான், வடக்கே போகப் போக இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

புதிதாகக் கேமரா எடுத்தவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நல்ல வெயிலில், நடுப்பகலில், பறக்கிற ஆண் பட்டாம்பூச்சியின் பின்னால் ஓடுவது. என் முதல் வசந்தத்தில் இரண்டு வாரம் நானும் அப்படித்தான் ஓடினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்துக்குப் படம் பச்சைப் பின்னணியில் ஒரு வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு மாலை, வெயில் போன பிறகு, திரும்பி நடக்கும் வழியில் ஒரு பூங்கொத்தின் ஓரத்தில் அது இறக்கையை மடக்கிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தேன். பத்து நிமிஷம் எடுத்தேன். அது அசையவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த மாலையில் தெரிந்துகொண்டதுதான்: இது எங்கே தூங்குகிறது என்று கண்டுபிடியுங்கள், மீதியெல்லாம் சுலபம்.

முதலில் அது ஏன் நிற்பதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆரஞ்சு நுனி ஆணுக்கு மட்டும்தான். ஆண்கள் முதலில் கூட்டைவிட்டு வெளியே வரும், பெண்கள் சில நாள் கழித்துத்தான் வரும். அதனால் ஆண் நாள் முழுக்க வேலியோரமாகவும் காட்டு ஓரமாகவும் ஓடைக் கரையிலும் பெண்ணைத் தேடி ரோந்து போய்க்கொண்டே இருக்கும், வழியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். தேன் குடிக்க உட்கார்ந்தாலும் சில விநாடிகள்தான். வெயில் உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும்வரை இந்த ஓட்டம் நிற்காது. ஆனால் ஒரு மேகம் சூரியனை மறைத்தால் உடனே பக்கத்தில் எங்காவது இறங்கி உட்கார்ந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

பெண்ணைப் பலர் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வெள்ளை இறக்கை, கருஞ்சாம்பல் நுனி, நடுவில் ஒரு சின்னப் புள்ளி, கிட்டத்தட்டத் தோட்டத்து முட்டைக்கோஸ் வெள்ளையன் போலத்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பின் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணோ பெண்ணோ, அங்கே பாசி படர்ந்த மாதிரி பச்சைத் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டு இருந்தால் ஆரஞ்சு டிப்தான்.

செடியைத் தேடுங்கள், பூச்சியை அல்ல

இரண்டு செடிகளை அடையாளம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று கார்லிக் மஸ்டர்ட். வேலியின் அடியில், நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு வளரும், நான்கு இதழ் வெள்ளைப் பூ, விளிம்பில் பல் வெட்டிய அகலமான இலை. இலையைக் கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசம் அடிக்கும், தவறவே முடியாது. இன்னொன்று கக்கூஃபிளவர், சிலர் லேடீஸ் ஸ்மாக் என்பார்கள். ஈரமான புல்வெளியிலும் ஓடையோரத்திலும் வெளிறிய ஊதா நிறத்தில் பூக்கும். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-ல் இந்தப் பட்டாம்பூச்சிக்கு வைத்த அறிவியல் பெயரில் இருக்கும் கார்டமினெஸ் என்பதே இந்தச் செடியின் பேரினப் பெயரை ஒட்டியதுதான்.

இரண்டும் கடுகுக் குடும்பம். பெண் இவற்றில் முட்டை இடும், புழு இவற்றின் காயைத் தின்னும், அதனால் ஆணும் இவற்றைச் சுற்றியே வரும். எனவே மார்ச் கடைசியிலேயே ஒரு நடை போய் எந்த வேலியோரத்தில் கார்லிக் மஸ்டர்ட் தளிர்விடுகிறது என்று பார்த்து வையுங்கள். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: காலை வெயில் முதலில் எந்தப் பக்கம் விழுகிறது? கிழக்கு பார்த்த வேலி கிடைத்தால் அதை விடாதீர்கள். நான் தொலைவில் இருக்கும் பத்து இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட, நடந்தே போகக்கூடிய ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போகச் சொல்வேன். இரண்டாவது வாரத்திலேயே எந்தக் கொத்தில் தூங்கும் என்று உங்கள் கண்ணுக்கே பழகிவிடும்.

கையில் என்ன வேண்டும்

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் இதற்காக உடனே வாங்க ஓட வேண்டாம். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகக்கூடிய 300 மி.மீ. டெலி லென்ஸ் (தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டுவது) இருந்தாலும் பகல் நேரத்து ஆணை எடுக்க அது மேக்ரோவைவிடவே வசதி, தள்ளி நின்று எடுக்கலாம். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பகலில் முயற்சி செய்து மனம் சோர வேண்டாம், தூங்கும் பூச்சியிடம் போங்கள். 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில் வையுங்கள், ஆனால் சில போன்கள் மிகக் கிட்டே போனதும் சொல்லாமல் அகல லென்ஸுக்கு மாறிக்கொள்ளும், திரையில் படம் திடீரென்று குதித்தால் கொஞ்சம் பின்னால் நகருங்கள்.

ஒரு டிரைபாட், தரையை ஒட்டி வைக்கக்கூடியதாக. முழங்காலுக்கு அடியில் போட ஒரு பாய்த்துண்டு, ஏனென்றால் அதிகாலைப் புல் நனைந்து கிடக்கும். அப்புறம் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியும் துணி காயப்போடும் கிளிப்பும். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கேமரா செட்டிங்

வெள்ளை இறக்கைதான் இங்கே முழுப் பிரச்சினையும். கேமரா ஃபிரேம் முழுவதையும் அளந்து சராசரி எடுக்கிறது, ஃபிரேமில் பெரும்பகுதி கரும்பச்சை இலை, அதனால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும், நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளை வெந்துபோய்விடும். வெந்த வெள்ளையை வீட்டில் எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 2/3-ல் வைத்துத் தொடங்குங்கள், நேர் வெயிலில் மைனஸ் 1 வரைகூடப் போகலாம். ரா ஃபைலில், அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பில் எடுங்கள், நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

ஆரஞ்சுக்கு இன்னொரு எச்சரிக்கை. படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் சரியாகத்தான் தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நின்றுகொண்டிருக்கும். அப்படி முட்டினால் அந்த நுனி ஒரே சப்பையான வண்ணமாகிவிடும், செதில்களும் நரம்புகளும் காணாமல் போகும். உங்கள் கேமராவில் மூன்று வண்ணத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம், வெயிலில் அசைந்துகொண்டிருக்கும் பூச்சிக்கு 1/1000 விநாடி. டிரைபாடில், காற்றில்லாத விடியலில், 1/60 கூடப் போதும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, எஃப் 8-ல் தொடங்குங்கள். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், 1600 வரை போனால் கவலைப்படாதீர்கள், கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிகிற கூர்மையான படம் மணலில்லாத மங்கல் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மாலையில் தேடுங்கள், விடியலில் எடுங்கள்

சூரியன் இறங்க ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போது போங்கள். மே தொடக்கத்தில் தென் இங்கிலாந்தில் எட்டரை வாக்கில்தான் சூரியன் மறையும், ஆனால் அதற்கு வெகு முன்பே வேலியோரம் நிழலாகிப் பூச்சிகள் அடங்கத் தொடங்கிவிடும். ஒரு ஆணைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, ஓடாமல், அது எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். கார்லிக் மஸ்டர்டின் பூங்கொத்திலோ, கவ் பார்ஸ்லி என்ற குடை குடையான வெள்ளைப் பூவிலோதான் பெரும்பாலும் இறங்கும். மேகமூட்டமான பகலிலும் இதே கதைதான். சூரியன் மேகத்துக்குள் போகும் அந்த நொடியில் பூச்சியைக் கண்ணைவிட்டு விலக விடாதீர்கள், அது இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. முன் இறக்கையைப் பின் இறக்கைக்குள் இழுத்துச் செருகிக்கொள்ளும், ஆரஞ்சு முழுவதும் மறைந்துவிடும், வெளியே தெரிவது அந்தப் பச்சைத் திட்டு மட்டுமே. வெள்ளைப் பூ, இடையில் பச்சைக் காம்பு, அதே வெள்ளையும் பச்சையுமாக இறக்கை. இரண்டடி தூரத்தில் இருந்தும் நான் பல தடவை தவறவிட்டிருக்கிறேன். கண்ணை ஒவ்வொரு கொத்தாக நகர்த்துங்கள், பூவின் வட்டத்தை உடைக்கிற ஒரு முக்கோணம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? சரி, அன்று மாலையே சில படம் எடுத்துக்கொண்டு, இடத்தைக் குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரவு வானம் தெளிவாகவும் காற்றில்லாமலும் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் காலையில் பனித்துளி நிச்சயம். மே தொடக்கத்தில் ஐந்தரை வாக்கில் சூரியன் எழும், நீங்கள் ஐந்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அதன் உடம்பு குளிர்ந்து கிடக்கும், பறக்க முடியாது. இறக்கை ஓரத்தில் வரிசையாகத் துளிகள், உணர்கொம்பின் நுனியில் ஒன்று. டிரைபாடின் கால் அந்தச் செடியில் இடிக்காமல் வைப்பதுதான் முக்கியம், ஒரு தட்டு தட்டினால் துளியெல்லாம் கொட்டிவிடும், பூச்சியும் புல்லுக்குள் விழும். தண்டு காற்றில் ஆடுகிறதா? அங்கேதான் அந்தக் குச்சி. பூச்சி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வெகு கீழே, தண்டுக்குப் பக்கத்தில் குச்சியை மெதுவாக ஊன்றி, கிளிப்பால் இரண்டையும் நசுங்காமல் சேர்த்துப் பிடியுங்கள். ஆட்டம் நின்றுவிடும்.

இப்போது லென்ஸை அதன் பக்கவாட்டுக்கு நேராக வையுங்கள், சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதியும் தட்டு) மடங்கிய இறக்கையும் இணையாக இருக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முழு ஃபிரேம் கேமராவில் (பெரிய சென்சார் உள்ளது) 100 மி.மீ. மேக்ரோவால் பாதி அளவுப் பெருக்கத்தில், அதாவது பூச்சி சென்சாரில் தன் உண்மை அளவில் பாதியாக விழும்படி, எஃப் 8-ல் எடுத்தால் கூர்மையாக விழுவது சுமார் 3 மி.மீ. ஆழம்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் கண் கூர்மையாக இருக்கும், இறக்கை நுனி போய்விடும். மேனுவல் ஃபோகஸில் வைத்து, திரையில் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸை நிறுத்துங்கள். கண் தெளிவாக இல்லாத பூச்சிப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பச்சைத் திட்டை ஒரு தடவை முழுப் பெருக்கத்தில் பாருங்கள். அதில் பச்சையே கிடையாது. மஞ்சள் செதிலும் கறுப்புச் செதிலும் ஓடு வேய்ந்த மாதிரி அடுத்தடுத்து அடுக்கியிருக்கும், தள்ளி நின்று பார்க்கும் நம் கண்தான் இரண்டையும் கலந்து பச்சையாக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தப் பட்டாம்பூச்சியில் மிகவும் பிடித்தது ஆரஞ்சு நுனிகூட இல்லை, இதுதான்.

பிறகு வெயில் வரும். முதல் கதிர் பட்டதும் இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்காது, அப்புறம் உணர்கொம்பு விலகும், முன் இறக்கை மெல்ல மேலெழும்பி ஆரஞ்சு எட்டிப்பார்க்கும், பிறகு இறக்கையைப் பாதி விரித்துக் குளிர்காயும். நீங்கள் அதிகாலையில் எழுந்து வந்தது இந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான். சென்சாரை இப்போது மேலிருந்து இறக்கையின் தளத்துக்கு இணையாக மாற்ற வேண்டும், அதனால் டிரைபாடை விட்டுவிட்டுக் கையில் எடுப்பதே நல்லது, ஷட்டரை 1/500-க்கு ஏற்றிக்கொண்டு தொடர் ஷாட்டில் எடுங்கள். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக் கூடாது. ஜெர்மன்காரர்கள் இதற்கு அரோராஃபால்ட்டர், அதாவது விடியல் பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் அந்த நுனியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் மிகை எதுவும் தெரியாது.

பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால்

நிறையப் பேருக்கு அதிகாலை வசதிப்படாது, புரிகிறது. அப்படியானால் கக்கூஃபிளவரோ, புளூபெல் என்ற நீல மணிப்பூவோ கூட்டமாகப் பூத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். ஆண் ஒரே வழித்தடத்தில் திரும்பத் திரும்ப வரும், கால் மணி நேரத்துக்குள் மறுபடி உங்களைக் கடந்து போக நிறைய வாய்ப்பு உண்டு. அது பூவில் உறிஞ்சுகுழலை இறக்கும்வரை நகராதீர்கள், இறக்கியதும் தாழக் குனிந்து, நேர்கோட்டில், மெதுவாகப் போங்கள். பக்கவாட்டு அசைவை அது சட்டென்று கண்டுபிடித்துவிடும். தூரத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஓர் அடி போய் இன்னொன்று, மறுபடி ஓர் அடி போய் இன்னொன்று. கடைசிவரை போனால்தான் எடுப்பேன் என்று இருந்தால் ஒன்றுமில்லாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

நடுப்பகலிலும் ஒரு பூச்சி பூவில் அசையாமல் இருக்கிறது, நீங்கள் கிட்டே போயும் பறக்கவில்லை என்றால் அடியில் பாருங்கள். பூ நிறத்திலேயே இருக்கும் நண்டுச் சிலந்தி அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதுவும் எடுக்க வேண்டிய படம்தான், பிரித்துவிடப் போகாதீர்கள்.

பெண் இலைமேல் உட்கார்ந்து வயிற்றை நேர்மேலே தூக்கிக்கொண்டிருந்தால் விலகாமல் அங்கேயே இருங்கள். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண், சுற்றும் ஆணை வேண்டாம் என்று சொல்லும் நிலை அது. சில நேரம் நல்ல நீளமாகவே அப்படி இருக்கும், ஆணும் பெண்ணும் ஒரே ஃபிரேமில் கிடைப்பது இப்படித்தான்.

முட்டையையும் விடாதீர்கள்

மழை நாளிலும் எடுக்கக் கிடைக்கும் ஒரு படம் இது. கார்லிக் மஸ்டர்டின் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, பூக்காம்புகளுக்கு இடையில் தேடுங்கள். நின்றவாக்கில் ஒட்டிய சின்னப் புட்டி மாதிரி, நெடுக வரி ஓடிய முட்டை. இட்டபோது வெளிறிய பச்சை வெள்ளை, சில நாளில் பளிச்சென்ற ஆரஞ்சு. ஒரு கொத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் முட்டையிட்ட பெண் மற்ற பெண்களை விலக்கும் ஒரு வாசனையை விட்டுச்செல்லும். காரணமும் உண்டு. இரண்டு புழு ஒரே செடியில் சந்தித்தால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். முட்டை சுமார் 1 மி.மீ. உயரம்தான், உண்மை அளவு காட்டும் மேக்ரோவிலும் ஃபிரேமில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், அதனால் எஃப் 11-க்குப் போய், டிரைபாடில் வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் ஆக்கி எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். விடியலில் இயற்கையே அந்தக் குளிர்ச்சியைத் தருகிறது, அதன் குறுகிய வாழ்நாளில் ஒரு நல்ல வெயில் நாளை நாம் பறிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பின்னணியில் உறுத்தும் புல்லை வெட்டாதீர்கள், ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு விடுங்கள், நீங்கள் வெட்டும் தண்டில் முட்டையோ, போன வருஷத்துக் கூட்டுப்புழுவோ இருக்கலாம். புளூபெல் கூட்டத்துக்குள் இறங்கி மிதிக்காதீர்கள், மிதிபட்ட இலை அந்த வருஷம் மறுபடி எழுந்திருக்காது. பொதுப் பாதையிலிருந்து விலகித் தனியார் வயலுக்குள் போக வேண்டியிருந்தால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்களுக்காகவும் ஒன்று: உயரமான புல்லில் உண்ணி இருக்கும், அது கடித்தால் லைம் நோய் வரலாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் படத்தைச் சரிசெய்யும்போது

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. இலைகள் நடுவில் எடுத்த வெள்ளை இறக்கையில் பச்சைச் சாயல் ஏறியிருக்கும், ஒயிட் பேலன்ஸை (படத்தின் வண்ணச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) மெஜந்தா, அதாவது ஊதாச்சிவப்புப் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். விடியலின் நீலத்தை மட்டும் முழுவதும் அழித்துவிடாதீர்கள். ஹைலைட்டை, அதாவது படத்தின் பிரகாசமான பகுதிகளை, கொஞ்சம் இறக்குங்கள், வெள்ளைக்குள் நரம்புகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வண்ண அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம், அந்த ஆரஞ்சுக்கு உதவி தேவையில்லை.